ஆகாய விமானத்திலும் வருணாசிரமமா?

ஆகாய விமானக் கம்பெனிக்காரர்கள் டிக்கட் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்து வந்த சாப்பாட்டை வரவரக் குறைத்துக் கொண்டும், நிறுத்திக் கொண்டும், நிறுத்தியதையே பிறகு தனியாகக் காசுக்கு விற்றுக் கொண்டும் வருவது வாசகர்களில் பலருக்குத் தெரிந்த விஷயமேயாகும். இதைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததைக் கண்டு சில தோழர்கள் சிரிக்கவுங் கூடும். "பண்ருட்டியிலே பலாப்பழம் சுமக்கிறவனுக்கும், முந்திரிக்கொட்டை உடைக்கிறவளுக்கும் ஆகாயத்திலே பறக்கிறவனுடைய சாப்பாட்டைப் பற்றி என்ன கவலை? பறக்கிறவன் ஒரு வேளை பட்டினி கிடந்தால் கிடக்கட்டுமே" என்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆகாய விமானம் என்றால் ராஜாக்களும், மந்திரிகளும், மில் முதலாளிகளும் ஏறுகிற வாகனம் என்பதுதான் நம் ஜனங்களுக்கு உள்ள எண்ணம்.

ஆனால் அந்தக் காலம் மலையேறி விட்டது. பண்ருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து துபாய்க்கும், சவூதிக்கும், குவைத்துக்கும், சிங்கப்பூருக்கும் கொத்து வேலைக்கும், கம்பி கட்டும் வேலைக்கும், லாரி ஓட்டும் வேலைக்கும் போகிறவர்கள் எல்லோரும் ராஜாக்களா? அவர்களுக்கு இன்று போவதற்குக் கப்பல் கிடையாது. ஆகாய விமானத்தில்தான் போயாக வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமும், டிக்கட்டுக்குக் கொடுத்த பணமும் வட்டிக்கு வாங்கிய பணம். அல்லது பெண்டாட்டியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய பணம். முந்திரி ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுக் கை வெந்து போகாமலிருக்கச் சாம்பலைப் பூசிக் கொண்டு நாள் முழுவதும் கொட்டை உடைக்கிற தாய்மாரின் பிள்ளைகள்தான் இன்று அந்தப் பின்பக்கத்து நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறார்கள். ஆகையால் இது நம்முடைய விஷயந்தான்.

சில நாட்களுக்கு முன் விடுமுறையில் வந்திருந்த ஒரு தோழர் நம்மிடம் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். அவர் முதல் தடவை வெளிநாடு புறப்பட்டபொழுது, "ஆகாய விமானத்திலே சோறு போடுவார்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி, தாயார் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே வழியனுப்ப வந்தவரிடமே கொடுத்து விட்டு உள்ளே போனாராம். பஸ் பிரயாணம் நாலு மணி நேரம், நிலையத்தில் காத்திருந்தது மூன்று மணி நேரம், பிறகு ஆகாயத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல். தள்ளுவண்டி வந்ததாம். எல்லோருக்கும் கொடுப்பார்கள் என்று இவரும் முன்பலகையை இறக்கி வைத்துக் கொண்டு காத்திருந்தாராம். பக்கத்தில் இருந்தவருக்குப் பெயர் கேட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். அவர் டிக்கட் வாங்கும்பொழுதே சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தாராம். இவருடைய ஏஜெண்டோ அப்படி ஒரு சங்கதி உண்டென்று வாயைத் திறக்கவே இல்லை. சரி, காசு கொடுத்தாவது வாங்கலாமென்று சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தால், "ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். இறக்கி வைத்த பலகையை மறுபடியும் தூக்கி மாட்டியபொழுதுதான் தமக்கு வெட்கமாக இருந்தது என்று அந்தத் தோழர் சொன்னார். பசியைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. வெட்கத்தைப் பற்றித்தான் சொன்னார்.

இது எந்தக் கம்பெனி என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ஏனென்றால் இன்று அநேகமாக எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாய் இருக்கின்றன.

இனி, "இனாம் சாப்பாடு" என்கின்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். பத்திரிகைகள் எல்லாம் "இலவச உணவு நிறுத்தம்" என்று எழுதுகின்றன. எது இலவசம்? யார் யாருக்குக் கொடுத்த இலவசம்? டிக்கட் விலையில் விமான எண்ணெய்க்கு இவ்வளவு, விமானம் ஓட்டுகிறவர் சம்பளத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அதற்கு மேல் லாபமும் வைத்துத்தானே வசூல் செய்தார்கள்? பணம் கொடுத்து வாங்கியதை இனாம் என்று சொல்லுவது, கடைக்காரன் எண்ணெயை அளந்து ஊற்றி விட்டு, "உனக்குப் பிச்சை போட்டேன்" என்று சொல்லுவது போலாகும்.

உண்மையான இனாம் சாப்பாடு எது என்பதும் நமக்குத் தெரியும். திருவாங்கூர் சமஸ்தானத்திலே ஊட்டுப்புரை என்று வைத்து, குடிகளிடம் வரியாக வாங்கிய பணத்தில் பார்ப்பனர்களுக்கு வேளாவேளைக்கு வடை பாயாசத்தோடு சர்க்கார் செலவில் சோறு போட்டார்களே, அதுதான் இனாம். உழுதவன் வாசலில் நிற்க, உழாதவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டான். அதை அக்காலத்தில் யாரும் "நஷ்டம்" என்றும், "வீண் செலவு" என்றும் சொல்லவில்லை. தர்மம் என்று சொன்னார்கள். தன் பணத்தைக் கொடுத்து டிக்கட் வாங்கினவனுக்குக் கொடுக்கிற ஒரு பொட்டலம் சோறு மாத்திரம் இன்று இனாமாகி விட்டது.

ஆகவே நாம் யாரிடத்திலும் இனாம் கேட்கவில்லை என்பதை முதலிலேயே ஸ்பஷ்டமாகச் சொல்லி விடுகிறோம். நாம் கேட்பது கணக்கு.

விமானச் சாப்பாட்டின் சரித்திரத்தைப் பார்த்தாலும் இந்தச் சங்கதி விளங்கும். 1919 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஹேண்ட்லி பேஜ் கம்பெனி விமானத்தில்தான் முதன்முதல் பிரயாணிகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்ததாகச் சொல்லுகிறார்கள். அதன் விலை 3 ஷில்லிங். அதாவது ஆரம்பத்திலேயே அது விற்பனைதான். பிறகு கம்பெனிகளுக்குள் போட்டி ஏற்பட்டு, ஆளை இழுப்பதற்காக டிக்கட்டோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குத் தகுந்தபடி டிக்கட்டின் விலையும் யானை விலை குதிரை விலையாக இருந்தது.

1958 ஆம் ஆண்டில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுகிற விமானங்களில் குறைந்த கட்டணத்தில் "எகானமி" என்ற சாதாரண வகுப்பை ஏற்படுத்தினார்கள். ஏற்படுத்தின உடனே கம்பெனிகள் எல்லாம் தங்கள் சங்கத்தின் மூலம் ஒரு கட்டுப்பாடும் செய்து கொண்டன. என்ன கட்டுப்பாடு? குறைந்த கட்டணக்காரனுக்குச் சூடான சாப்பாடு கொடுக்கக் கூடாது. ஆறின, சாதாரண, விலை குறைந்த "சாண்ட்விச்" என்கின்ற ரொட்டி மாத்திரந்தான் கொடுக்கலாம் என்பது. ஸ்காண்டிநேவியக் கம்பெனி ஒன்று ரொட்டியின் மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் தாராளமாக அடுக்கிக் கொடுத்து விட்டது. உடனே அமெரிக்கக் கம்பெனிகள், "அவன் ரொட்டி ரொட்டி அல்ல, சாப்பாடு" என்று புகார் செய்ய, சங்கம் விசாரணை நடத்தி அபராதம் போட்டது! வெள்ளைக்கார நாடாயிருந்தால் என்ன, பின்னால் உட்கார்ந்தவன் நன்றாகச் சாப்பிட்டு விடக் கூடாது என்பதற்காக முதலாளிகள் ஒன்று கூடி எழுத்து மூலம் ஏற்பாடு செய்து கொண்டார்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு மனு எழுதி வைத்தார். அவர்கள் நாட்டில் கம்பெனிச் சங்கம் எழுதி வைத்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பணம் சேர்ந்தால் பின்னால் இருப்பவன் முன்னால் போய் உட்கார்ந்து கொள்ளலாம்.

பிறகு 1980களில் ஓர் அமெரிக்கக் கம்பெனித் தலைவர் பிரயாணிகளின் பச்சைக்காய்த் தட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்து விட்டு, வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்ததாக இன்றளவும் கதை சொல்லுகிறார்கள். அது முதல் கம்பெனிக்காரர்களுக்குத் தட்டைப் பார்த்தாலே கை ஊறத் தொடங்கி விட்டது.

நமது நாட்டில் 2003ல் ஏர் டெக்கான் என்ற கம்பெனி சாப்பாடு இல்லாமல் குறைந்த விலைக்கு டிக்கட் விற்றது. 2006ல் இண்டிகோ புறப்பட்டது. உள்நாட்டில் விமானத்தில் போகிற 100 பேரில் 60 பேருக்கு மேல் 2024ல் அந்த ஒரு கம்பெனியில்தான் போனார்கள். சாப்பாட்டைத் தனியாக விற்பதை நாம் குற்றமென்று சொல்லவில்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரம் போகிறவனுக்குச் சோறு எதற்கு? வேண்டியவன் வாங்கட்டும், வேண்டாதவன் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக் கொள்ளட்டும். சாப்பாடு ஏற்றினால் பாரம். பாரம் ஏறினால் எண்ணெய்ச் செலவு. சூடாக்க அடுப்பு வேண்டும். எச்சில் தட்டை எடுத்துச் சுத்தம் செய்ய நேரமாகும். அந்த நேரம் விமானம் தரையில் சும்மா நின்றால் நஷ்டம். இதெல்லாம் நியாயமான காரணங்களே. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயை முன்னிட்டு உள்நாட்டு விமானங்களில் சாப்பாட்டை நிறுத்தியும் குறைத்தும் சர்க்கார் உத்திரவு போட்டதையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம், சோற்றை எடுத்தவர்கள் சோற்றின் விலையையும் டிக்கட்டிலிருந்து எடுத்தார்களா என்பதே. எடுத்தவர்கள் யோக்கியர்கள், எடுக்காதவர்களை என்ன சொல்லுவது என்று வாசகர்களுக்கே தெரியும்.

நிற்க. இதுவரை சொன்னது முதலாளித்துவச் சங்கதி. இனிச் சொல்லப் போவது வருணாசிரமச் சங்கதி.

2017 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு செய்தி வெளியாயிற்று. அப்பொழுது இந்திய சர்க்காரின் சொந்தக் கம்பெனியாயிருந்த ஏர் இந்தியா, உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பிரயாணிகளுக்கு இனிமேல் மாமிசச் சாப்பாடு கிடையாது, மரக்கறிச் சாப்பாடு மாத்திரந்தான் என்று தீர்மானித்து விட்டது. காரணம் சிக்கனமாம், சாப்பாடு வீணாவதைத் தடுப்பதாம். இதனால் வருஷத்துக்கு ஏழெட்டுக் கோடி ரூபாய் மிச்சமாகும் என்று சிலரும், பத்துக் கோடி என்று சிலரும் எழுதினார்கள். பெரிய தொகையையே எடுத்துக் கொள்ளுவோம். பத்துக் கோடி என்றே வைத்துக் கொள்ளுவோம்.

அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு இருந்த கடன் சுமார் 50,000 கோடி ரூபாய். அதாவது 5,000 ரூபாய் கடன்காரன் வருஷத்துக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்த கதை. அந்த ஒரு ரூபாயை எங்கே பிடித்தான்? பின்னால் உட்கார்ந்தவன் தட்டிலிருந்த கோழித் துண்டில் பிடித்தான்! முன்னால் உயர் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு மாமிசம் நிறுத்தப்படவில்லை. வெளிநாடு போகிற விமானங்களிலும் நிறுத்தப்படவில்லை. உள்நாட்டில், மலிவு டிக்கட்டில் போகிறவனுக்கு மாத்திரந்தான் இந்தப் புலால் மறுத்தல் உபதேசம் செய்யப்பட்டது. வீண் என்றால் முன்பக்கத்தில் வீணாகாதா? பலாப்பழத்தை அறுத்துச் சுளையை எல்லாம் முன்வரிசைக்குக் கொடுத்து விட்டு, பின்வரிசைக்குச் சடையை நீட்டி, "இது உடம்புக்கு நல்லது" என்று சொன்னால் பண்ருட்டிச் சின்னப் பையன் கூட ஒத்துக் கொள்ள மாட்டானே!

சிக்கனத்தோடு சேர்த்து இன்னொரு காரணமும் கம்பெனி அதிகாரிகள் சொன்னார்கள். அதுதான் நமக்கு முக்கியமானது. மாமிசச் சாப்பாடும் மரக்கறிச் சாப்பாடும் ஒரே வண்டியில் வந்தால், கை தவறி மரக்கறிக்காரருக்கு மாமிசப் பொட்டலம் போய் விடுகிறதாம். அந்தத் தவறு நேராமலிருக்க மாமிசத்தையே நிறுத்தி விட்டார்களாம்! இதைக் கேட்டு நாம் சிரிப்பதா, ஆத்திரப்படுவதா? பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளியும் பழுப்புப் புள்ளியும் போட்டு விற்பதற்கு அப்பொழுது இந்த நாட்டில் சட்டமே இருந்தது. புள்ளியைப் பார்த்துக் கொடுக்கத் தெரியாவிட்டால் கொடுக்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அல்லது கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் ஒருவர் டிக்கட்டை இன்னொருவரிடம் கொடுத்து விட்டான் என்பதற்காக ஒரு ஊர்க்காரரையே பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லுவது உண்டா? மேலும், மாமிசக்காரனுக்குத் தவறிப் போய் மரக்கறிப் பொட்டலம் வந்தால் அதைப் பற்றி யாருக்காவது கவலை உண்டா? ஒருவருடைய "தீட்டு" தப்பாமலிருக்க வேண்டியது. அதற்காகப் பத்துப் பேருடைய சாப்பாடு போனாலும் போகலாம் என்பதுதானே இதன் தாத்பரியம்? இதற்குப் பெயர் சிக்கனமா? இதற்கு நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வேறு பெயர் இருக்கிறது.

எத்தனை பேர் சாப்பாட்டை நிறுத்தினார்கள் என்பதையும் பார்ப்போம். இந்திய சர்க்காரின் பதிவாளர் இலாகா 2014ல் எடுத்த கணக்குப்படி, இந்த நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 70 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். தமிழ் நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல். ராஜஸ்தானத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே நாலில் மூன்று பங்கு மரக்கறிக்காரர்கள். சர்க்கார் கம்பெனியின் கடனை அடைக்க வரி கொடுத்தவர்கள் இந்த 100க்கு 70 பேரும் சேர்ந்துதான். சென்னையிலிருந்து டில்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போகிற விமானத்தில் ராமேஸ்வரத்து மீனவன் ஏறினாலும், பண்ருட்டிக் குடியானவன் ஏறினாலும், ஜெய்ப்பூர்ச் சேட்டுக்கு ஒத்துக் கொள்ளுகிற சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும் என்றால் அது யாருடைய ராஜ்யம்?

மரக்கறி சாப்பிடுகிறவர்கள் மேல் நமக்கு ஒரு துவேஷமும் இல்லை. அது அவரவர் நாக்கையும், வயிற்றையும், டாக்டரையும் பொறுத்த விஷயம். கத்தரிக்காய் தின்கிறவன் தின்னட்டும். கத்தரிக்காய் தின்பதாலேயே தான் உயர்ந்தவன் என்றும், கருவாடு தின்கிறவன் தன் பக்கத்தில் உட்காரத் தகாதவன் என்றும் நினைக்கிறானே, அந்த நினைப்பைத்தான் நாம் மறுக்கிறோம். அந்த நினைப்பைச் சர்க்கார் செலவில் 30,000 அடி உயரத்துக்குத் தூக்கிக் கொண்டு போவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நமது வயதான வாசகர்களுக்கு இது புதிய காட்சியல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பொதுஜனங்கள் கொடுத்த நன்கொடையை வாங்கிக் கொண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதும், அதனால் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் தமிழ் நாடே கொதித்ததும் தெரிந்ததே. தென்னிந்திய ரயில்வேயின் பழைய மெயின் லைன் விழுப்புரத்திலிருந்து நமது பண்ருட்டி வழியாகத்தான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போயிற்று. அந்த ரயில்வேயின் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஒரு இடம், இதராளுக்கு ஒரு இடம் என்று பலகை தொங்கியது. டிக்கட்டு வாங்கும்பொழுது இருவருக்கும் ஒரே விலை. ஏறின வண்டியும் ஒன்று. இஞ்சின் கக்குகிற கரியும் இருவர் மேலும் ஒரே மாதிரிதான் விழுந்தது. இலை போடுகிற இடத்தில் மாத்திரம் வேறு. சுயமரியாதைக்காரர்கள் கூட்டம் போட்டும், எழுதியும், கிளர்ச்சி செய்தும் 1941ல் அந்தப் பேதம் ஒழிக்கப்பட்டது. அதற்கப்புறமும் ஓட்டல் பலகைகளில் "பிராமணாள்" ஒட்டிக் கொண்டிருந்ததனால் 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பாக மறியல் செய்து ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. தரையில் துரத்தினோம், அது ஏணி வைத்து ஆகாயத்தில் ஏறிக் கொண்டது போலிருக்கிறது!

சரி, கோழித் துண்டை எடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றினார்களா? அந்தக் கூத்தையும் கேளுங்கள். 2021 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய் ஆயிற்று. டாட்டா கம்பெனிக்கு 18,000 கோடிக்கு விற்றார்கள். அதில் ரொக்கம் 2,700 கோடி. பாக்கி 15,300 கோடி அவர்கள் ஏற்றுக் கொண்ட கடன். மீதி 46,262 கோடி ரூபாய்க் கடன் சர்க்கார் தலையில், அதாவது நம் தலையில், நின்று விட்டது. வருஷத்துக்குப் பத்துக் கோடி மிச்சம் பிடித்து இந்தக் கடனைக் கோழித் துண்டினால் அடைப்பதென்றால், வட்டியைத் தள்ளி விட்டாலும், 4,600 வருஷத்துக்கு மேல் ஆகும். சிந்து சமவெளிக்காரர்கள் காலத்தில் மாமிசத்தை நிறுத்தியிருந்தால் இன்றைக்கு அடைந்திருக்கும்! கடனுக்கும் கோழிக்கும் சம்பந்தமே இல்லை என்பது நிறுத்தினவர்களுக்கும் தெரியாமலிருந்திருக்க முடியாது.

2022 ஜனவரி 27ந் தேதி கம்பெனி டாட்டாவின் கைக்குப் போயிற்று. அந்த வருஷம் அக்டோபரில் உள்நாட்டு விமானங்களுக்குப் புதிய சாப்பாட்டுப் பட்டியல் போட்டார்கள். அதில் சாதாரண வகுப்புக்கும் கோழிக் குழம்பு திரும்பி வந்து விட்டது! லாபம் ஒன்றையே குறியாகக் கொண்ட முதலாளிக்குக் கட்டுபடியான கோழி, எல்லா ஜனங்களுக்கும் பொதுவான சர்க்காருக்கு மாத்திரம் கட்டுபடியாகாமல் போனதன் மர்மம் என்ன? முதலாளியை நாம் இதற்காகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடவில்லை. அவனுக்கு வேண்டியது பிரயாணியின் பணம். எதைப் போட்டால் வருவான் என்று பார்த்துப் போடுகிறான். ஆனால் பணத்தாசை கூடச் செய்யாத காரியத்தை மத ஆசை செய்தது என்பதை மறைக்க முடியாது.

அந்த முதலாளியிடத்திலும் வேறொரு வேடிக்கை நடந்தது. "ஹிந்து சாப்பாடு", "முஸ்லிம் சாப்பாடு" என்று விமானச் சாப்பாட்டுக்கே மதம் வைத்திருக்கிறார்கள். இது உலகமெங்கும் விமானக் கம்பெனிகள் உபயோகிக்கும் குறிப்பெழுத்து வழக்கமாம். 2024 ஜூன் மாதத்தில் விருதுநகர் பார்லிமெண்டு மெம்பர் மாணிக்கம் தாகூர் அவர்கள் இதைப் படம் பிடித்துப் போட்டு, ஹிந்து சாப்பாடு என்றால் என்ன, முஸ்லிம் சாப்பாடு என்றால் என்ன என்று கேட்டார். அந்த வருஷம் நவம்பரில் கம்பெனி பெயரைக் கொஞ்சம் மாற்றியது; முன்கூட்டிச் சொல்லி வைக்கிற முஸ்லிம் சாப்பாட்டை "ஸ்பெஷல் சாப்பாடு" என்றும், அதற்கு ஹலால் சான்று உண்டென்றும் அறிவித்தது. இதில் பெரிய தமாஷ் என்னவென்றால், விமானக் கம்பெனிகளின் குறிப்பில் "ஹிந்து சாப்பாடு" என்பது மரக்கறி அல்ல! மாட்டிறைச்சி இல்லாத மாமிசச் சாப்பாடுதான் அது. அதாவது ஹிந்து என்பவன் கோழியும் ஆடும் மீனும் தின்கிறவன் என்று வெளிநாட்டு விமானக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. 2018ல் எமிரேட்ஸ் கம்பெனி இந்த ஹிந்து சாப்பாட்டை நிறுத்துவதாகச் சொன்னவுடன் ஏற்பட்ட கூச்சலில் மறுநாளே திரும்பக் கொடுப்பதாகச் சொல்லி விட்டது. வெளிநாட்டுக்காரன் ஹிந்துவுக்கு மாமிசம் கொடுக்காவிட்டால் மதத்துக்கு ஆபத்து. உள்நாட்டுச் சர்க்கார் ஹிந்துவுக்கு மாமிசம் கொடுத்தால் மதத்துக்கு ஆபத்து! இந்த மதத்தின் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

கடைசியாக, நாம் ஆரம்பத்தில் சொன்ன வளைகுடாத் தோழர்களிடமே வருவோம். அவர்கள் அதிகமாகப் போகிற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களில் முன்பெல்லாம் ஒரு சிறு பலகாரப் பெட்டியாவது டிக்கட்டோடு கொடுத்துக் கொண்டிருந்தார்கள். 2023ல் அதையும் நிறுத்தி, வேண்டியவர்கள் முன்கூட்டிப் பணம் கட்டி வாங்கிக் கொள்ளலாம் என்று செய்து விட்டார்கள். உயர் வகுப்புக்காரனுக்குச் சீனாத் தட்டும் வெள்ளைத் துணியும் எந்தக் காலத்திலும் குறைவதில்லை. கம்பெனிக்கு எந்தச் சமயத்தில் பண முடை வந்தாலும் கத்தரிக்கோல் பின்பக்கத்தில்தான் முதலில் விழுகிறது.

ஆனபடியால் பிரயாணம் செய்கிற தோழர்கள் சில சங்கதிகளைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். டிக்கட் எடுக்கும்பொழுதே சாப்பாடு அதில் சேர்ந்ததா இல்லையா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றால் விடாதீர்கள். டிக்கட் காகிதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காமலே சாப்பாட்டுக்கென்று காசு சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கேட்டாலொழிய இப்படிப்பட்ட தனிக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாதென்று விமான இலாகா கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேலும், நேரத்தோடு வந்து நிலையத்தில் ஆஜரான பிரயாணியை, விமானம் தாமதமென்று சொல்லி உட்கார வைத்தால், கம்பெனி தன் செலவில் சாப்பாடும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும். இரண்டரை மணிக்கு உட்பட்ட சிறு பிரயாணமானால் 2 மணி நேரத் தாமதத்துக்கும், ஐந்து மணி வரையிலான பிரயாணமானால் 3 மணி நேரத் தாமதத்துக்கும், மற்றவற்றுக்கு 4 மணி நேரத் தாமதத்துக்கும் இது உண்டு. சோறில்லாத டிக்கட் வாங்கியவனுக்கும் இது உண்டு. நம்மவர்கள் அநேகர் இது தெரியாமல், கூடத்துத் தரையில் துண்டை விரித்துப் படுத்துப் பட்டினி கிடக்கிறார்கள். அருகில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் போய்க் கேட்டு வாங்கித் தின்று விட்டு வருகிறான். வெட்கப்படாமல் தமிழிலேயே கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல.

நம்மிடம் பேசிய தோழருக்கு அடுத்த மாதம் விடுமுறை முடிகிறது. இந்தத் தடவையும் சோறில்லாத டிக்கட்டுதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அவருடைய தாயார் புளிச்சோற்றை இந்தத் தடவை விமானத்துக்குள்ளேயே கொண்டு போகும்படி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். கூடக் கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டு வறுவலும் வைத்துக் கட்டப் போகிறாராம். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர் யாரோ, நாம் அறியோம்.